அறுபத்திரண்டு பாக்கெட்டும் ஒரு மூக்கும்

ஐஸ்கிரீம் தொழிற்சாலையின் பின்வாசலில் பால் டேங்கரைக் கொண்டுவந்து நிறுத்தும் ஓட்டுநர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "மூக்கண்ணன் இன்னைக்கு டியூட்டியா?" என்பதுதான். ஆமாம் என்று பதில் வந்தால் அவர்கள் முகத்தில் ஈயாடாது. மூக்கண்ணன் ஏணியில் ஏறி, டேங்கரின் மூடியைத் திறந்து, குனிந்து ஒரே ஒரு தடவை மூச்சை இழுப்பான். மூக்கின் தண்டில், புருவங்களுக்குக் கீழே, குறுக்காக இரண்டு கோடு விழுந்தால் போச்சு. பன்னிரண்டாயிரம் லிட்டரும் வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான். ஆய்வகத்தில் விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் இல்லை. அவை அரைமணி நேரம் முனகிவிட்டு அவன் சொன்னதையே சொல்லும். பதினாறு வருடத்தில் அந்த மூக்கு ஒரு தடவைகூடத் தப்பு சொன்னதில்லை. இதை அவன் கேட்பவர்களிடம் சொல்வான், கேட்காதவர்களிடம் இன்னும் விரிவாகச் சொல்வான்.

இப்படி ஒரு மூக்கோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பாத்திரம் துடைக்கும் துணியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் காலுறை வரை எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு தீர்ப்பு இருக்கும். அவன் மனைவி, கட்டுமான இடத்தில் டவர் கிரேன் ஓட்டுபவள். ஐம்பது மீட்டர் உயரத்தில், ஒரு ஆள் உட்காரும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துகொண்டு, இரண்டு டன் இரும்புக் கம்பியைத் தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல இறக்கி வைப்பாள். எதைத் தூக்கி எங்கே வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். புருஷனின் மூக்கை மட்டும் எங்கே தூக்கி வைப்பது என்று இத்தனை வருடத்தில் தெரியவில்லை.

அவர்களுக்கு ஐந்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை. வீட்டில் அவளுக்கு முதலாளி என்று பெயர். கூப்பிட்ட குரலுக்கு இரண்டு பேரும் ஓடிவர வேண்டும், விடுப்பு கிடையாது, நன்றி கிடையாது என்பதால் அந்தப் பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. பேறுகால விடுப்பு முடிந்து மனைவி கிரேனுக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. முதல் பதினைந்து நாள் முதலாளியைப் பார்த்துக்கொள்ள மூக்கண்ணன் விடுப்பு எடுத்தான். பகலில் பால் எங்கிருந்து வரும் என்பதற்குத்தான் ஃப்ரீசர்.

ஒன்றரை மாதமாக மனைவி தன் பாலைக் கருவியால் பிழிந்து எடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கருவியைக் கழுவி, மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாள். கருவி எருமை மூச்சுவிடுவதுபோல ஒரு சத்தம் போடும். எடுத்த பாலை அதற்கென்றே விற்கும் சின்னப் பாக்கெட்டுகளில் முக்கால் அளவுக்கு ஊற்றி, உறைந்தால் உப்புவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு, வாயை அழுத்தி மூடி, தேதி எழுதித் தட்டையாகப் படுக்க வைப்பாள். அதுவும் கதவுப் பக்கம் இல்லை, திறந்து மூடினாலும் குளிர் குறையாத உள்பக்கம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதமும் ஒட்டினாள். வெளியே வைத்தால் நாலு மணி நேரம். ஃப்ரிட்ஜில் நாலு நாள். ஃப்ரீசரில் ஆறு மாதம். உருகியதை மறுபடி உறைய வைக்காதே. அடுப்பில் வைக்காதே, வெதுவெதுப்பான தண்ணீரில் வை. முதலாளி வாய் வைத்த மிச்சம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, கொட்டிவிடு. கடைசியில், சிவப்பு மையில், மிக அவசரம் என்றால் மட்டும் என்று எழுதி ஒரு தொலைபேசி எண்.

மூக்கண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பாலைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"உங்களுக்கு டேங்கர் தெரியும். இது பாக்கெட்."

பாக்கெட் என்ன, டேங்கர் என்ன, பால் பால்தானே என்று அவன் நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு எண் கொடுத்தான். ஃப்ரீசருக்குள் வெப்பமானி வைத்தான். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்று பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் அடுக்கினான். எண், தேதி, அளவு, குறிப்பு என்று நான்கு கட்டம் போட்டு ஒரு நோட்டும் திறந்தான். மனைவி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் தடுக்கவில்லை. வேலைக்குப் போவதற்கு முந்தின நாள் கணக்கில் அறுபத்திரண்டு பாக்கெட் நின்றது.

அன்று சாயங்காலம் அவள் அவனை எதிரே உட்கார வைத்துப் பேசினாள்.

"நல்லா கேளுங்க. ஏணி ஏறி மேல போகவே எனக்கு இருபது நிமிஷம். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் குடுக்க வீட்டுக்கு ஓடி வந்தா எந்த சைட்டுல வெச்சுக்குவாங்க? இந்தப் பாலை இவ குடிச்சா நான் மேல இருப்பேன். குடிக்கலைன்னா அந்த சீட்டு வேற ஆளுக்கு. நான் கீழ ஸ்டோர்ல உக்காந்து போல்ட்டு எண்ணணும். புரியுதா?"

"பதினாறு வருஷ சர்வீஸ்," என்றான் மூக்கண்ணன், நெஞ்சைத் தொட்டு.

"அதான் பயமா இருக்கு," என்றாள் அவள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முதலாளிக்கு வயிறு முட்டப் பால் கொடுத்துவிட்டு, மூன்று தடவை வாசல்வரை போய் மூன்று தடவை திரும்பி வந்து முத்தம் கொடுத்துவிட்டு, மனைவி கிளம்பிப் போனாள். முதல் நாள் இரவே ஒன்றாம் எண் பாக்கெட்டை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு இறக்கி வைத்திருந்தாள். ஒன்பது மணிக்கு மூக்கண்ணன் அதை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் மிதக்கவிட்டான். வெப்பமானியால் தண்ணீரைப் பார்த்தான். நோட்டில் நேரம் எழுதினான். புட்டிக்குள் ஊற்றுவதற்கு முன்னால், பழக்கதோஷம், குனிந்து ஒரு தடவை மூச்சை இழுத்தான்.

இரண்டு கோடும் விழுந்தன.

சோப்பு வாடை. துணி துவைத்த தண்ணீரில் ஒரு சொட்டு விழுந்துவிட்டதுபோல, அதன் அடியில் லேசாக இரும்புத் துருவும் கலந்ததுபோல. மறுபடி முகர்ந்தான். அதேதான். பாக்கெட்டில் கோளாறா? புதுப் பாக்கெட் ஒன்றைப் பிரித்து முகர்ந்தான். ஒன்றும் இல்லை. கருவியைச் சரியாக அலசவில்லையா? கருவியை முகர்ந்தான். சுத்தம். அப்படியென்றால் பாலேதான். பதினாறு வருட சர்வீஸ் என்ன செய்யுமோ அதைச் செய்தது. ஒன்றாம் எண் பாக்கெட்டைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டான். கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

தொழிற்சாலை விதிப்படி, ஒரு மாதிரி தவறினால் முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்று மாதிரி பார்க்க வேண்டும். நடுவிலிருந்து முப்பத்தொன்றாம் எண்ணையும், கடைசியிலிருந்து அறுபத்திரண்டாம் எண்ணையும் எடுத்துத் தண்ணீரில் போட்டு உருக்கினான். முப்பத்தொன்றிலும் சோப்பு. அதுவும் தொட்டிக்குள் போனது. அறுபத்திரண்டு நாலு நாள் முன்னால் எடுத்தது, வாடை கொஞ்சம் கம்மி, ஆனாலும் அதே சோப்பு. மூன்றும் தவறினால் மொத்தச் சரக்கும் தள்ளுபடி. மீதமிருந்த ஐம்பத்தொன்பது பாக்கெட்டையும் கொட்டிவிட அவன் குப்பைத்தொட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு ஃப்ரீசர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தும்விட்டான்.

அந்த வீட்டைக் காப்பாற்றியவை இன்னும் இரண்டு விதிகள். மூன்றாவது மாதிரியைக் கொட்டக் கூடாது, நாளைக்குத் தகராறு வந்தால் சாட்சிக்கு வேண்டும். அதனால் அறுபத்திரண்டாம் எண் ஃப்ரிட்ஜுக்குள் போனது. மொத்தச் சரக்கைத் தள்ளுபடி செய்வதென்றால் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் இருந்த இரண்டாவது நபருக்குக் கையெழுத்து தெரியாது, அவர் இப்போது கட்டிலில் படுத்துக் காலை உதைத்துக்கொண்டு, பசிக்கிறது என்பதற்கான முதல் ராகத்தை ஆரம்பித்திருந்தார். மூக்கண்ணன் சிவப்பு மையில் எழுதிய எண்ணைக் கூப்பிட்டான்.

அந்த எண் சிக்னல்காரருடையது. கீழே நின்று கொடியும் வாக்கிடாக்கியுமாக, மேலே இருக்கும் கிரேனுக்குக் கண்ணாக இருப்பவர். கிரேன் ஓட்டும்போது கைப்பேசியைக் கீழே பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மேலே பேச வேண்டுமென்றால் அவர் வழியாகத்தான் பேச முடியும்.

"யாரு? கேக்கல! கத்திப் பேசுங்க!"

"கிரேன் ஓட்டுறவங்க வீட்டுக்காரர் பேசுறேன்! அவங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்!"

"இருங்க, கம்பிக்கட்டு ஒண்ணு தொங்குது! எறக்கிட்டுச் சொல்றேன்!"

கம்பிக்கட்டு இறங்க ஏழு நிமிடம் ஆனது. அதற்குள் முதலாளி இரண்டாவது ராகத்துக்குப் போய்விட்டார். மூக்கண்ணன் ஒரு தோளில் அவளையும், இன்னொரு தோளில் கைப்பேசியையும் சாய்த்துக்கொண்டு நடந்தான்.

"இப்ப சொல்லுங்க!"

"பால் கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க!"

சிக்னல்காரர் இதற்காகவே வேலைக்கு வைத்தவர்போல உடனே அறிவித்தார். "மேல, மேல, கேக்குதா? வீட்டுல பால் கெட்டுப்போச்சாம். ஓவர்."

கரகரவென்று பதில் வந்தது. "எந்தப் பால்? ஓவர்."

"எந்தப் பால்னு கேக்குறாங்க!"

மூக்கண்ணன் குரலைத் தாழ்த்தினான். "அவங்க பால்."

"கேக்கல! கத்திச் சொல்லுங்க!"

"அவங்க பால்! அவங்க சொந்தப் பால்!"

சிக்னல்காரர் மூன்று பிள்ளை பெற்றவர். ஒரு கணம் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடமையைச் செய்தார். "மேல, உங்க பால்தானாம். ஓவர்."

அந்த இடத்தில் வாக்கிடாக்கி வைத்திருந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். எல்லோரும் ஒரே அலைவரிசை. கம்பி கட்டுபவர்கள், காங்கிரீட் பம்ப் ஓட்டுபவர், வாசல் காவலாளி, ஏழாவது மாடியில் சாரம் கட்டுபவர்கள் என்று எல்லோர் இடுப்பிலும் இந்தச் செய்தி ஒலித்தது.

"கெட்டுப்போச்சுன்னு யாரு சொன்னது? ஓவர்," என்று காங்கிரீட் பம்ப் கேட்டது.

"அவங்க வீட்டுக்காரர். மோந்து பாத்தாராம். ஓவர்."

"எங்க வீட்டுலயும் பாக்கெட்ல போட்டுத்தான் வெச்சிருந்தோம், ஒண்ணும் ஆகலையே. ஓவர்," என்றது ஏழாவது மாடி.

"ஃப்ரீசரை ஒழுங்கா மூடினாரான்னு கேளுங்க. ஓவர்." இது காவலாளி.

"எல்லாரும் லைனை விட்டு வெளிய போங்க!" என்று வானத்திலிருந்து ஒரு குரல் இடி இடித்தது. பதினொரு வாக்கிடாக்கியும் வாயை மூடிக்கொண்டன. "அவருகிட்ட சொல்லுங்க. கிளினிக் நர்ஸம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கேக்கட்டும். அது வரைக்கும் எதையும் தொடக் கூடாது. ஒரு சொட்டு கீழ போச்சு, சாயங்காலம் இந்த ஹூக்கு நம்ம வீட்டு வாசல்ல வந்து தொங்கும்னு சொல்லுங்க. ஓவர்."

சிக்னல்காரர் அதை ஒரு சொல் குறையாமல் திருப்பிச் சொல்லிவிட்டு, தன் பங்குக்குக் கேட்டார். "எதையும் கொட்டிடலையே?"

மூக்கண்ணன் தொட்டியைப் பார்த்தான். "சரி, நான் நர்ஸம்மாகிட்ட பேசிக்கிறேன்," என்று வைத்துவிட்டான்.

நர்ஸம்மா குழந்தைகள் கிளினிக்கில் ஒரு நாளைக்கு நூறு பெற்றோரைச் சமாளிப்பவள். யாருடைய சர்வீஸும் அவளிடம் செல்லாது.

"சோப்பு வாடையா, புளிச்ச வாடையா?"

"சோப்பு. கொஞ்சம் துரு மாதிரியும்."

"அப்ப கெட்டுப்போகல. சில அம்மாக்களோட பால்ல கொழுப்பை உடைக்கிற நொதி கொஞ்சம் ஜாஸ்தி இருக்கும். பால் குளிர்ல கிடந்தாலும் அது பாட்டுக்கு வேலையைப் பாக்கும். அதனால வர்ற வாடை. குழந்தைக்கு ஒண்ணும் பண்ணாது."

"லைப்பேஸ்," என்றான் மூக்கண்ணன்.

"அட, பேரெல்லாம் தெரியுதே."

"தெரியாம என்ன? எங்க ஃபாக்டரியில அந்த வாடை வந்தா டேங்கரையே திருப்பி அனுப்பிடுவோம். அது குறைபாடு."

"எதுக்குக் குறைபாடு?"

"ஐஸ்கிரீமுக்கு."

"உங்க பாப்பாவுக்கு இப்ப ஐஸ்கிரீமா செய்யப் போறீங்க?"

"இல்ல."

"அப்புறம் என்ன? ஃப்ரீசர்ல முறையா வெச்சிருந்தீங்களா?"

மூக்கண்ணன் எண், தேதி, வெப்பநிலை, முன்வரிசை, பின்வரிசை என்று ஒப்பிக்க ஆரம்பித்தான். நர்ஸம்மா பாதியில் நிறுத்தினாள்.

"போதும், போதும். தைரியமா குடுங்க. ஒரே ஒரு விஷயம். சில குழந்தைங்க அந்த ருசிக்கு வாயைத் திறக்காது. அப்படின்னா இனிமே எடுக்குற பாலை, ஓரத்துல சின்னச் சின்னதா குமிழி வர்ற வரைக்கும் சுட வெச்சு, உடனே ஆறவெச்சு, அப்புறம் உறைய வைக்கச் சொல்லுங்க. வாடை வராது. ஆனா ஏற்கெனவே உறைஞ்சதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. குடிச்சா குடிச்சதுதான், இல்லேன்னா இல்ல."

கைப்பேசியை வைத்த பிறகுதான் மூக்கண்ணனுக்கு முழுக் கணக்கும் புரிந்தது. ஐம்பத்தொன்பது பாக்கெட்டின் கதியும் முதலாளியின் வாயில்தான் இருக்கிறது. அவள் திறந்தால் மனைவி வானத்தில். மூடினால் ஸ்டோரில் போல்ட்டு எண்ணும் வேலை. தொட்டியில் போன இரண்டையும் நினைத்துப் பார்க்கவே அவனுக்குத் தெம்பில்லை. சாட்சிக்கு வைத்த அறுபத்திரண்டாம் எண்ணை எடுத்து, புட்டியில் ஊற்றி, வெதுவெதுப்பாக்கி, முதலாளியை மடியில் போட்டுக்கொண்டான். அவள் மூன்றாவது ராகத்தின் உச்சத்தில் இருந்தாள்.

புட்டி வந்ததும் அழுகை நின்றது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"குடிம்மா. அம்மா பால்தான்."

முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் கொண்டுபோனான். இந்தப் பக்கம் திருப்பினாள். வாய்க்குள் ஒரு சொட்டு விட்டான். அதை அவள் நாக்கால் சுழற்றிப் பார்த்து, மறுபடி அவன் முகத்தைப் பார்த்து, மூஞ்சியைச் சுளித்து வெளியே தள்ளினாள். அவள் கடுகளவு மூக்கின் மேல் இரண்டு சின்னக் கோடு விழுந்தது.

அந்தக் கோடுகளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று மூக்கண்ணன் யோசித்தான். எதிரே அணைந்து கிடந்த தொலைக்காட்சித் திரையில், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு ஆள் தெரிந்தான். அவன் மூக்கின் மேலும் அதே கோடுகள், இன்னும் ஆழமாக. பால் அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. அப்பாவின் முகம், இது வேண்டாம் என்று அவளிடம் கத்திக்கொண்டிருந்தது. பன்னிரண்டாயிரம் லிட்டரைத் திருப்பி அனுப்பும் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து மாதக் குழந்தை எப்படிப் பால் குடிக்கும்?

முகத்தைச் சரிசெய்தான். சிரித்தான். புட்டியை நெருங்கியதும் வாடை ஏறியது, கோடுகள் அவன் அனுமதி இல்லாமல் விழுந்தன. முதலாளி சுளித்தாள். மூச்சை அடக்கிப் பார்த்தான். கண் பிதுங்கியது, முதலாளி மிரண்டு அழுதாள். துணி காயப்போடும் கிளிப் ஒன்றை எடுத்து மூக்கில் மாட்டினான். அவள் அழுகையை நிறுத்தி, புட்டியைத் தட்டிவிட்டு, கிளிப்பைப் பிடித்து இழுத்தாள். கொஞ்ச நேரம் அது அவளுக்கு நல்ல விளையாட்டாக இருந்தது. அப்புறம் பசி ஞாபகம் வந்து, வீடே அதிர்ந்தது.

மூக்கை நம்பிப் பிழைப்பவர்களுக்கு ஒரே ஒரு பயம் உண்டு. ஒரே வாடையைத் தொடர்ந்து முகர்ந்துகொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப்போய், அந்த வாடை இருப்பதே தெரியாமல் போய்விடும். அதனால்தான் ஒரு டேங்கருக்கும் அடுத்த டேங்கருக்கும் நடுவில் மூக்கண்ணன் வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வருவான். பதினாறு வருடமாக எதிரியைப்போல விரட்டிய அந்த நிலையை, இன்று அவனே கையெடுத்து வரவேற்றான். குப்பைத்தொட்டியில் மேலாகக் கிடந்த ஒன்றாம் எண், முப்பத்தொன்றாம் எண் காலிப் பாக்கெட்டுகளை எடுத்தான். இரண்டையும் விரித்து முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, அலறும் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி, கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தான். மூச்சை இழுத்தான், விட்டான், இழுத்தான். யாராவது அந்த நேரம் கதவைத் திறந்திருந்தால் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

முதலில் சோப்பு. பிறகு கொஞ்சம் சோப்பு. அப்புறம் சோப்பு மாதிரி ஏதோ. எத்தனை நடை நடந்தானோ, கடைசியில் ஒன்றுமே இல்லை. வெறும் பால். லேசாக இனிப்பான, வெதுவெதுப்பான பால்.

உட்கார்ந்து புட்டியை நீட்டினான். முதலாளி விக்கிக்கொண்டே அவன் முகத்தை மேலிருந்து கீழ்வரை சோதித்தாள். கோடு இல்லை. வாயைத் திறந்தாள். ஒரு வாய் இழுத்து நிறுத்தி, யோசித்தாள். மூக்கண்ணன் அந்த நொடியில் வேண்டாத தெய்வம் இல்லை. அவள் புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடகடவென்று இழுக்க ஆரம்பித்தாள். நூறு மில்லியும் தீர்ந்து, காற்றை இழுக்கும் சத்தம் வந்த பிறகும் விடவில்லை. அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வெட்கப்பட அங்கே யாரும் இல்லாததால் தாராளமாக அழுதான்.

ஒரு மணிக்கு ஒரு பாக்கெட், நாலு மணிக்கு ஒரு பாக்கெட். ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே மூக்கை மரக்கவைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். ஒவ்வொரு தடவையும் அவள் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

மனைவி சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தாள். தோளில் சின்ன ஐஸ்பெட்டி. செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, முதலாளியை அள்ளி எடுத்து, கழுத்தில் முகம் புதைத்தாள். அப்புறம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக ஃப்ரீசரைத் திறந்தாள். வானத்திலிருந்து பார்த்தே கீழே எத்தனை கம்பி என்று சொல்பவள் அவள்.

"அம்பத்தேழு இருக்கு. அஞ்சு போயிருக்கு. மூணு வேளைக்கு அஞ்சா?"

பகலெல்லாம் தயார் செய்து வைத்திருந்த விளக்கம் எதுவும் மூக்கண்ணன் வாயில் வரவில்லை. "ரெண்டு பாக்கெட்டைக் கொட்டிட்டேன். உங்கிட்ட பேசுறதுக்கு முன்னாடியே."

"எந்த ரெண்டு?"

"முப்பத்தொண்ணு. அப்புறம் ஒண்ணு."

அவள் ஃப்ரீசரை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கத்துவாள், தட்டை உருட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் மெல்லத்தான் கேட்டாள்.

"ஒண்ணாம் நம்பர்ல எவ்ளோ இருந்துச்சு?"

"அறுபது மில்லி."

"அந்த அறுபதைச் சேக்க எனக்கு மூணு நாள் ஆச்சு. மொத நாள் அடி நனைஞ்சுது, அவ்ளோதான். ரெண்டாவது நாளும் அப்படியே. இவளுக்குக் குடுத்தது போக நமக்கு வராது, கிரேனை மறந்துட வேண்டியதுதான்னு நெனச்சேன். நீங்க தூங்கிட்டிருந்தீங்க. மூணாவது நாள்தான் அது வந்துச்சு. பாக்கெட்ல தேதி எழுதிட்டு ரொம்ப நேரம் அதையே பாத்துட்டிருந்தேன்."

மூக்கண்ணனுக்கு நோட்டின் முதல் வரி கண்முன் வந்தது. எண் ஒன்று, தேதி, அறுபது மில்லி. குறிப்பு என்ற கட்டத்தில் அவன் தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான்: அளவு குறைவு.

"என் மூக்கு தப்பு பண்ணிடுச்சு," என்றான்.

"மூக்கு ஒண்ணும் பண்ணல. அது வாடை வருதுன்னுதான் சொல்லுச்சு. கொட்டினது நீங்க."

அவன் பதினாறு வருடத்தில் ஒரு ஓட்டுநரிடமும் சொல்லாத சொல்லைச் சொன்னான். "மன்னிச்சிடு. நான் பண்ணது தப்பு."

முதலாளி அம்மாவின் சட்டைப் பொத்தானை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள். அதை விடுவித்துவிட்டு, காலையிலிருந்து ஐம்பது மீட்டர் உயரத்தில் சுமந்துகொண்டிருந்த கேள்வியை அவள் கேட்டாள்.

"குடிச்சாளா?"

"குடிச்சா. மூணு வேளையும். கடைசிச் சொட்டு வரைக்கும்."

"அழாம?"

"மொத வேளைக்கு மட்டும் அழுதோம்," என்றான் மூக்கண்ணன். கிளிப்பையும் காலிப் பாக்கெட்டுகளையும் பற்றிச் சொன்னான். அவள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் நடுவில் அழவும் செய்தாள். அப்போ நாளைக்கும் நான் மேலதான் போறேன் என்று குழந்தையின் காதில் சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐஸ்பெட்டியை நீட்டினாள்.

"இன்னைக்கு எடுத்தது. ரெண்டு பாக்கெட். காலையில நீங்க ஊருக்கே ஒலிபரப்பினதுல ஒளிச்சு வைக்க எதுவுமே இல்லாமப் போச்சு. சிக்னல்காரரே சாமான் ரூமைக் காலி பண்ணி, தார்ப்பாய் கட்டிக் குடுத்துட்டு, கொடியைப் பிடிச்சிட்டு வெளியில நின்னாரு. காங்கிரீட் பம்ப்பை வேற நிறுத்தச் சொல்லிட்டாரு, சத்தம் ஆகாதாம்."

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மூடியைத் திறந்தான். தலை தானாகக் குனியப் பார்த்தது, நிமிர்த்திக்கொண்டான். பாக்கெட்டுகளை உள்பக்கம் தட்டையாகப் படுக்க வைக்கும் முன்பு, பேனாவை எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"இதை எடுக்க எவ்ளோ நேரம் ஆச்சு?"

ஒன்றரை மாதத்தில் அவன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் யோசித்துச் சொன்னாள்.

"சாப்பாட்டு நேரம் முழுக்க. நாப்பது நிமிஷம். அப்புறம் நின்னுக்கிட்டே சாப்பிட்டேன்."

அவன் எண் போடவில்லை. இரண்டு பாக்கெட்டிலும் தேதிக்குக் கீழே, நாற்பது நிமிடம், நின்றுகொண்டு சாப்பாடு என்று எழுதி உள்ளே வைத்தான்.